பஃபலோவில் 'மீடியம்' என்றால் என்ன அர்த்தம்?

நயாகரா அருவியைப் பார்க்கப் போகிற நம்ம ஆட்கள் என்ன பண்ணுவாங்க? அருவியைப் பார்ப்பாங்க, நனைவாங்க, நூறு போட்டோ எடுப்பாங்க, அப்படியே நியூயார்க்குக்கோ டொரான்டோவுக்கோ கிளம்பிடுவாங்க. அங்கிருந்து காரில் அரை மணி நேரத்தில் பஃபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. இன்னைக்கு அந்த ஊர் பப்பில் உட்கார்ந்து காரமா விங்ஸ் சாப்பிடுவதைப் பத்திதான் பேசப் போறேன். பீர் குடிக்கிறது உங்க இஷ்டம், ஆனா அங்கே 21 வயது ஆகியிருக்கணும். பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கங்க, கேட்பாங்க.

முதல்ல பெயர். எருமைக்கு ஏது இறக்கை என்ற ஜோக்கை எல்லாரும் சொல்லியாச்சு. பஃபலோ என்பது ஊர்ப் பெயர். அந்த ஊருக்குள்ளே யாரும் 'பஃபலோ விங்ஸ்' என்று சொல்வதில்லை. வெறும் விங்ஸ்தான். மெனுவைப் பார்க்காமலேயே 'ஒரு சிங்கிள்' என்பார்கள். பெரும்பாலான இடங்களில் சிங்கிள் என்றால் பத்து, டபுள் என்றால் இருபது.

ஊரைப் பத்தி கொஞ்சம். ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்ததும் தானிய வணிகத்தால் வளர்ந்தது, அப்புறம் உருக்காலைகள் வந்தன. 1950-இல் மக்கள்தொகை 5.8 லட்சம். 2020-இல் 2.78 லட்சம். பாதிக்கும் மேலே காலி. தெருவில் நடக்கும்போது அது தெரியும்; பெரிய பெரிய கட்டடம், ஆள் கம்மி. ஆனா மூலைக்கு மூலை பப் மட்டும் நிரம்பி இருக்கும், அதுவும் அவங்க ஃபுட்பால் டீம் விளையாடுற அன்னைக்குக் கேட்கவே வேண்டாம்.

சரி, விங்ஸ் என்றால் என்ன? கோழி இறக்கையின் நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, மீதியை மூட்டில் இரண்டாக்குவார்கள். குட்டிக் கால் மாதிரி இருப்பது ட்ரம், ரெண்டு எலும்பு ஓடுற தட்டையான துண்டு ஃப்ளாட். மாவு கிடையாது, மசாலாவில் ஊறவைப்பதும் கிடையாது. அப்படியே எண்ணெயில் பொரிப்பார்கள். பிறகு கெயன் மிளகாயும் வினிகரும் சேர்ந்த சாஸில் வெண்ணெயை உருக்கி, ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்குவார்கள். பக்கத்தில் செலரித் தண்டு, ப்ளூ சீஸ். ரான்ச் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், ஆனா ஒரு பார்வை பார்ப்பாங்க.

நம்ம ஊரில் காரம் முதலில் மசாலாவில் ஊறி, பிறகு பொரியும். இங்கே பொரித்த பிறகுதான் காரம் வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இதைக் கண்டுபிடித்தது யார்? விமான நிலைய டி-ஷர்ட்டில்கூட ஒரே பதில்தான் இருக்கும்: 1964, ஆங்கர் பார், தெரெசா பெலிசிமோ. ஆனா அந்தக் கதைக்கே ரெண்டு வடிவம். 1980-இல் கால்வின் ட்ரில்லின் 'தி நியூயார்க்கர்' இதழுக்காக இதை விசாரிக்கப் போனார். கணவர் ஃப்ராங்க் சொன்னது, வேற துண்டு கேட்டிருந்தோம், மாறி இறக்கை வந்துவிட்டது என்று. மகன் டொமினிக் சொன்னது, வெள்ளிக்கிழமை ராத்திரி, கத்தோலிக்கர்கள் இறைச்சி சாப்பிட நள்ளிரவு தாண்டக் காத்திருந்தார்கள், அவர்களுக்காக அம்மா செய்தார் என்று. ஒரே வீடு, ரெண்டு கதை.

அதே கட்டுரையில் ட்ரில்லின் இன்னொருவரையும் சந்திக்கிறார். ஜான் யங். அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். ஜெஃபர்சன் அவென்யூவில் 'விங்ஸ் அண்ட் திங்ஸ்' என்று கடை நடத்தியவர். அவர் இறக்கையை வெட்டாமல் முழுசா, மாவு தடவிப் பொரித்து, மம்போ சாஸ் என்ற தக்காளி சார்ந்த காரச் சாஸில் போட்டு விற்றார். இறக்கையையே ஒரு தனிச் சாப்பாடாக விற்றது தான்தான் என்பது அவர் வாதம். 1970-இல் அவர் ஊரை விட்டுப் போனார். 1977-இல் நகர நிர்வாகம் ஜூலை 29-ஐ 'சிக்கன் விங் தினம்' என்று அறிவித்தபோது பாராட்டு பெலிசிமோ குடும்பத்துக்குத்தான் போனது.

என் கருத்தைச் சொல்றேன். ரெண்டும் வேற வேற பண்டம். வெண்ணெய்ச் சாஸ் விங்ஸ் ஆங்கர் பாரோடது, அதுல சந்தேகமில்லை. ஆனா சூப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் காசு வாங்கலாம் என்ற யோசனை கறுப்பின மக்களின் சமையலில் ஏற்கெனவே இருந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் இறக்கையை எப்பவோ பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மேற்குப் பக்கத்துக்காரங்க யாருக்கும் அது தெரியலைங்கறதால அது நடக்கலைன்னு ஆகிடாது. ஜெஃபர்சன் அவென்யூ என்ற பெயரை நீங்க 2022 மே மாதச் செய்திகளில் கேட்டிருக்கலாம். அந்தத் தெருவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் இனவெறியோடு வந்த ஒருவன் பத்துக் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றான். டூரிஸ்ட் வரைபடத்தில் அந்தப் பக்கம் பெரும்பாலும் இருக்காது. ஊருக்குப் போனால் அங்கேயும் போய்ச் சாப்பிடுங்க என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப காரம். என்கூட வந்த நண்பர் மதுரைக்காரர். 'மீடியம் எடுங்க சார்' என்று பரிமாறின பொண்ணு சொல்லச் சொல்ல, 'எங்க ஊர் காரத்துக்கு முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம்' என்று ஹாட் சொன்னார். மூணாவது துண்டில் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்.

ஏன்? அடிப்படைச் சாஸ் ஒண்ணும் பெரிய காரம் இல்லை. வழக்கமாகப் பயன்படும் ஃப்ராங்க்ஸ் ரெட்ஹாட் சாஸ் சுமார் 450 ஸ்கோவில் அலகு. ஹலப்பீனோ மிளகாயே 2,500-இலிருந்து 8,000 வரை போகும். (அந்த ஃப்ராங்க் வேற, ஆங்கர் பார் ஃப்ராங்க் வேற. சாஸ் 1920-லேயே வந்துவிட்டது.) ஆனா 'ஹாட்' என்பதற்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு பப்பில் வெண்ணெயைக் குறைத்துச் சாஸைக் கூட்டுவார்கள். இன்னொரு பப்பில் ஹபனேரோ மாதிரி மிளகாயையே சேர்த்துவிடுவார்கள். அது ஒரு லட்சத்துக்கு மேலே. டஃப்ஸ் என்ற கடையில் மீடியம் என்றாலே ஹாட்தான் என்று போர்டு எழுதி மாட்டியே வைத்திருக்கிறார்கள்.

இன்னொண்ணு, நாம காரத்தைச் சோற்றோடு சாப்பிட்டுப் பழகினவங்க. பின்னாடியே ரசம், தயிர் எல்லாம் வரும். இங்கே சோறு இல்லை. சாஸ் மேலேயே பூசியிருப்பதால் உதடு, நாக்கு நுனி, விரல் எல்லாத்திலும் நேரா ஒட்டுகிறது. வினிகரின் புளிப்பு வேற ஏறும். மிளகாயின் கேப்சைசின் கொழுப்பில் கரையும் என்பதால் வெண்ணெய் அதை வாய் முழுக்கப் பரப்பி வைக்கிறது. சுவை முதல்ல, எரிச்சல் கொஞ்சம் லேட்டா. அந்த இடைவெளியில் நீங்க ரெண்டு துண்டு முடிச்சிருப்பீங்க.

எரிச்சல் என்பது சுவையே இல்லை, வலி. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசின் தட்டுகிறது. வாய் வெந்துபோச்சு என்று மூளை நம்பிவிடும். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கு இந்த ஏற்பி கேப்சைசினைக் கண்டுகொள்ளாது. அதாவது அந்தச் சாஸை உயிரோட இருந்த கோழிக்கே கொடுத்திருந்தாலும் அது சாதாரணமாத் தின்னுட்டுப் போயிருக்கும்.

அப்போ எரிஞ்சா என்ன பண்றது? தண்ணி குடிச்சா கேப்சைசின் கரையாது, வாய்க்குள் இன்னும் பரவும். பீரில் இருக்கிற அஞ்சு சதவீத ஆல்கஹாலும் போதாது. குளிர்ச்சி அஞ்சு நொடி சுகம் தரும், அப்புறம் அந்த நுரையே குத்தும். பாலில் உள்ள கேசீன் புரதம்தான் கேப்சைசினைப் பிடித்து இழுத்துப் போகும். ப்ளூ சீஸ் டிப் அங்கே இருப்பது அழகுக்கில்லை, நம்ம தயிர் செய்யும் அதே வேலைதான். ஒரு துண்டு, ஒரு முக்கு, ஒரு கடி செலரி. நண்பரை அப்படித்தான் கரையேத்தினோம். அவர் வாசனை பிடிக்கலைன்னு முதல்ல ஒதுக்கி வச்சிருந்தார்.

கொஞ்சம் நடைமுறை. முதல் கடையில் மீடியம் சொல்லுங்க, கூடவே ஹாட் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்க, கொடுப்பாங்க. சைவம்னா காலிஃபிளவர் விங்ஸ் சில இடத்தில் உண்டு, ஆனா அதே எண்ணெயில் பொரிக்கிறாங்களான்னு கேட்டுக்கங்க. பில்லுக்கு மேல இருபது சதவீதம் டிப்ஸ் வழக்கம். காண்டாக்ட் லென்ஸ் போடுறவங்க, டிஷ்யூ பேப்பரில் துடைச்ச கையோட ஹோட்டலுக்குப் போயிடாதீங்க. எண்ணெயோட ஒட்டினது வெறும் தண்ணியில் போகாது. சோப்பு போட்டு ரெண்டு தடவை, நகக்கண் வரைக்கும் தேய்ச்சுட்டு அப்புறம் லென்ஸைத் தொடுங்க.