மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் ரேடான்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சூல்கில் ஆற்றங்கரையிலுள்ள லிமரிக் அணுமின் நிலையத்தில் 1984 டிசம்பரில் பொறியாளர் ஒருவர் வேலைக்கு வந்தபோது கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்தது. நிலையமோ மின் உற்பத்தியே தொடங்கவில்லை! கோளாறு அவர் வீட்டுக் காற்றில் இருந்தது.

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் வாயு ரேடான். நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்புகளின் வழியே வீட்டுக்குள் புகும். நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். புகைப்பவர்களுக்கு ஆபத்து மிக அதிகம்.

பக்கத்து வயலின் மண் பரிசோதனையை வைத்து உங்கள் வயலுக்கு உரமிடுவீர்களா? அதுபோலவே, அடுத்தடுத்த வீடுகளிலும் ரேடான் அளவு மாறும். ஆகவே அங்கு வீட்டுக்கு வீடு சோதிக்கிறார்கள். கரி நிரப்பிய சிறு டப்பாவைக் கீழ்த்தள அறையில், சன்னல்களை மூடி, 2 முதல் 4 நாட்கள் திறந்து வைத்து, பின் இறுக மூடி உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ரேடான் 3.8 நாட்களில் பாதியாகிவிடுமாதலால் தாமதம் கூடாது. கன மீட்டருக்கு 148 பெக்கரலை எட்டினால், வெடிப்புகளை அடைத்து, தரைக்கடியில் குழாய் பதித்து, விசிறியால் வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றுகிறார்கள்.