வியர்வை நகரம் – 9: இரண்டு புக்கிங்குக்கு நடுவில்

சென்ற வாரம் டெலிவரி இளைஞர்களைப் பார்த்தோம். ‘10 நிமிடத்தில் டெலிவரி’ என்ற விளம்பரத்தைக் கைவிடும்படி 2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சரே கம்பெனிகளிடம் சொல்லவேண்டி வந்தது. அதே அவசரம் வீட்டு வேலைக்குள்ளும் புகுந்துவிட்டது. அதைப் பேச மும்பையின் மான்குர்த்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தண்டவாள ஓரக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய லல்லுபாய் காம்பவுண்ட் இங்கேதான் இருக்கிறது. டிராம்பே பக்கம் போனால் சீட்டா கேம்ப். 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் ஊர். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. செம்பூருக்கும் வாஷிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள்.

பழைய ஏற்பாட்டில் கூலி மணிக்கணக்கில் கிடையாது. பாத்திரத்துக்கு ஒரு ரேட், பெருக்கித் துடைக்க ஒரு ரேட், துணிக்குத் தனி. வீட்டில் எத்தனை தலை என்று பார்த்துப் பேசி முடிப்பார்கள். மாதம் இரண்டு சுட்டி (விடுமுறை), தீபாவளிக்கு ஒரு மாதப் பகார் (சம்பளம்). விருந்தாளி வந்தால் பாத்திரம் இரண்டு மடங்காகும், பகார் ஆகாது. அந்த அநியாயம் அன்றும் இருந்தது.

2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி என்ற செயலி நிறுவனம் மும்பையில் ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ தொடங்கியது. 15 நிமிடத்தில் ஆள், மணிக்கு 49 ரூபாய் அறிமுக விலை. பெயருக்கு எதிர்ப்பு வந்ததும் ‘இன்ஸ்டா ஹெல்ப்’ ஆனது. வேலை செய்பவருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய், மாதம் 132 மணி நேரம் உழைத்தால் குறைந்தது 20,000 என்று கம்பெனி அறிவித்தது. தொகை மோசமில்லை. ஆனால் எதை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இப்படி ஒரு செயலியில் வேலை பார்க்கும் சீட்டா கேம்ப் அக்கா ஒருவர் தன் நாளைச் சொன்னார். எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மூன்று மணிக்குத் திரும்புகிறார். ஒரு மணி நேர புக்கிங் நான்கு. மிச்ச மூன்று மணி நேரம் நடை, பஸ், காத்திருப்பு. “உள்ள உட்கார வாட்ச்மேன் விடமாட்டான் அண்ணாச்சி. கேட்டுக்கு வெளிய கட்டையில உட்காருவேன். பாத்ரூம் போக இடம் கெடையாதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல” என்றார். ஏழு மணி நேரம் வெளியே இருந்தவருக்கு நான்கு மணி நேரக் கூலி.

வாடிக்கையாளரும் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு நாள் பாத்திரம் சிங்க்கில் குவிந்திருக்கும். புக்கிங் ஒரு மணி நேரத்துக்குத்தான். “இந்த பால்கனியையும் ஒரு கை பாத்துடு” என்பார். இன்னொரு அரை மணி புக் பண்ணுங்க என்று கேட்டால் ஸ்டார் குறையுமோ என்ற பயம். ஸ்டார் குறைந்தால் வேலையும் குறையும். இவரைச் சுயதொழில் செய்பவர், ‘பார்ட்னர்’ என்று சொல்கிறார்கள். தன் விலையைத் தானே சொல்ல முடியாதவரை அப்படி அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்திலும் இவருக்குப் பிடிமானம் குறைவு. மகாராஷ்டிரத்தின் 2008 வீட்டு வேலைத் தொழிலாளர் சட்டம் நல வாரியம் அமைத்ததோடு சரி. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலிக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தரவேண்டும் என்கிறது. அது வரவேற்க வேண்டியதே. ஆனால் கேட்டுக்கு வெளியே போன மூன்று மணி நேரத்துக்கு அதில் பதில் இல்லை. காத்திருப்புக்கும் காசு என்று கம்பெனி எழுதித் தரவேண்டும். அரை மணி கூடுதல் வேலை வாங்குகிறவர் அதற்கும் புக் பண்ணவேண்டும்.

அந்த அக்கா இப்போது காலையில் செம்பூரில் பழைய வீடுகள் இரண்டைத் திரும்பப் பிடித்திருக்கிறார். செயலி மதியத்துக்கு மட்டும். ஜூனில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு அட்வான்ஸ் கேட்க அந்த வீடுகளில் ஒரு ஆள் இருக்கிறது என்றார்.

(தொடரும்)