ஊசி போடுபவர் கடைசியாக எப்போது படித்தார்?

மாடு செத்த பிறகுதான் ஊசி போட்டவர் யார், அவரிடம் என்ன சான்று இருந்தது என்ற விசாரணையே நம் ஊர்களில் தொடங்குகிறது. அதற்குள் மருந்துக் குப்பி குப்பைக்குப் போயிருக்கும், மாடு குழிக்குள் போயிருக்கும், ஊசி போட்டவர் அடுத்த தெருவில் வேலையாக இருப்பார். புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர், திருக்கனூர் பக்கம் பாண்லே பால் கூட்டுறவுக்குப் பால் ஊற்றும் குடும்பங்களுக்கு ஒரு கறவை மாடு போவது மாதக்கணக்கில் வருமானம் போவது. ஆனாலும் சினை ஊசி போட வருபவரிடம் அடையாள அட்டை கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நகரத்தில் நாய் வளர்ப்பவர்களும் இதில் மேலானவர்கள் இல்லை. வீட்டுக்கு வந்து ஊசி போடும் உதவியாளரை "டாக்டர்" என்று அழைத்துவிட்டால் அதற்குமேல் அவர்களுக்குக் கேள்வி எழுவதில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 30ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம், சான்றிதழில் கையெழுத்திடலாம். உதவியாளர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அரசு அரசிதழில் குறிப்பிடும் வேறு முதலுதவிகள் ஆகியவற்றைப் பட்டயமோ சான்றோ பெற்ற உதவியாளர் செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், அவர் சொல்கிறபடி. ஆனால் அந்தச் சான்றைப் பெற்றவர் மறுபடி எப்போது பயிற்சி பெற வேண்டும் என்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. மருத்துவராவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உதவியாளர் இருபது வயதில் வாங்கிய காகிதத்தை ஓய்வு பெறும்வரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அதை அடைக்கும் அதிகாரம் அனுமதி ஆணை பிறப்பிக்கும் அரசின் கையிலேயே இருந்தும் அடைக்க யாருக்கும் அவசரம் இல்லை.

"அனுபவம் போதாதா? முப்பது வருஷமாக இதைத்தானே செய்கிறார்?" என்பது முதல் ஆட்சேபம். முப்பது ஆண்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் கைப்பழக்கமாகப் போட்டுவந்த டைக்ளோஃபினாக், பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழிந்த காரணத்தால் 2006இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றாக எடுத்துக்கொண்ட கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டும் 2023இல் தடைக்கு உள்ளாயின. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் 2019இல் உணவுக்கான விலங்குகளுக்குத் தடையானது. மருந்துக்குத் தனியாகக் காலவரை நிர்ணயிக்கப்படாவிட்டால், ஊசி போட்ட பிறகு குறைந்தது 7 நாள் பாலையும் 28 நாள் இறைச்சியையும் உணவுக்கு விடக்கூடாது என்ற விதி 2012இல் வந்தது. தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலில் தென்பட்டதே 2019இல்தான். 1995இல் படித்தவருக்கு இவற்றில் ஒன்றையும் வகுப்பில் சொல்லியிருக்க முடியாது. தவறாகப் பழகிய கையோடு முப்பது ஆண்டு வேலை செய்தால் தவறுதான் பழுத்திருக்கும். உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் உருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பவருக்கு மாடு ஏன் சினை நிற்கவில்லை என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை. பழி மாட்டின் மேல் விழும்.

இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் வருபவர் அந்த உதவியாளர்தான், அவரையும் விரட்டிவிட்டால் யார் வருவார்? விரட்டச் சொல்லவில்லை. வருகிறவர் அவரே என்பதால்தான் அவருக்குப் பயிற்சி வேண்டும் என்கிறோம். ஆள் பற்றாக்குறை, பயிற்சிக்கு அனுப்ப நேரமில்லை என்று கால்நடைத் துறை சொல்வதைத்தான் ஏற்க முடியாது. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியின் எந்தக் கொம்யூனிலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். ஆளுக்கு ஆண்டில் ஒரு நாள், சிறு குழுக்களாக அனுப்ப முடியாதா? மாகேவுக்கும் ஏனாமுக்கும் தூரம் ஒரு காரணம், வில்லியனூருக்கு என்ன காரணம்?

இனி வளர்ப்பவர் செய்ய வேண்டியது. ஊசி போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: அடையாள அட்டை, அனுமதி ஆணையின் நகல், மேற்பார்வை மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லைக் கோடு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக்கிடப்பதால் எல்லை தாண்டி வருபவர்கள் நிறைய. பதிவு பெற்ற மருத்துவர் நாட்டில் எங்கும் தொழில் செய்யலாம். உதவியாளருக்கு அனுமதி தருவது அந்தந்த அரசு, ஆகவே புதுச்சேரி அரசின் ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள், பேட்ச் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாடு இறந்தால் பதிவு பெற்ற மருத்துவர் வந்து பார்க்கும்வரை புதைக்காதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் காது வில்லையின் 12 இலக்க எண்ணும் இல்லாமல் காப்பீட்டுக்காரரிடம் போய் நிற்பதில் பயனில்லை. மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், அந்த உடலை யாரும் அறுக்கவே கூடாது. மறுபடியும் சொல்கிறோம்: குப்பியை எறியாதீர்கள், அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள்.

புகாரைக் கால்நடை பராமரிப்பு மற்றும் கால்நடை நலத்துறை இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சுப் புகார் புகாரே ஆகாது. மருத்துவர்மீது குறை என்றால் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கும் எழுதலாம். பணம் கொடுத்துப் பெற்ற சேவையென்றால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அரசு மருத்துவமனையின் இலவச சேவைக்கு அந்த வழி பொதுவாகத் திறக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் "ஏன் பயிற்சி தரவில்லை" என்று கேட்டு மனுவைப் பாழாக்குகிறவர்களே அதிகம். ஆவணத்தைக் கேளுங்கள்: 30ஆவது பிரிவின்கீழ் வெளியிட்ட ஆணையின் நகல், கடந்த மூன்று ஆண்டில் நடத்திய புத்தாக்கப் பயிற்சிகளின் தேதி, பாடம், வருகைப் பதிவேடு. 30 நாளில் பதில் வராவிட்டால் துறையிலேயே முதல் மேல்முறையீடு. இரண்டாவது மேல்முறையீடு டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டு ஆணையம் என்று நினைத்துச் சென்னைக்கு அனுப்பி மாதங்களை இழக்காதீர்கள்.

உதவியாளர்களும் கேட்டுப் பெற வேண்டியவர்களே. பெண் கன்றுகளுக்குப் போடும் புரூசெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, ஊசி கையில் குத்தினால் மனிதருக்கும் நோய் வரும். நாய்களைக் கையாள்பவருக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். இவற்றைக் கேட்டும், ஆண்டுதோறும் பயிற்சி கேட்டும் மருத்துவ அலுவலர் வழியாக மனுக் கொடுங்கள். போய்வந்த பயிற்சியைப் பணிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு மாட்டைப் பிடித்து வருகிறவர்கள், கயிற்றை நீட்டுமுன் அந்தப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.