ஓடும் எஞ்சினுக்குள் உறையும் பனி

பிரிட்டனில் கார்புரேட்டர் பைக் ஓட்டியவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். மழை இல்லை, ஆனால் காற்றில் ஈரம் கனத்திருக்கும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் வண்டி இழுவை குறைந்து, விக்கி, நின்றுவிடும். ஓரங்கட்டி, டாங்கைத் திறந்து பார்த்து, பிளக் ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் கோளாறு அகப்படாது. அடைத்துக்கொண்டிருந்த பனிக்கட்டி எஞ்சின் சூட்டில் எப்போதோ உருகியிருக்கும்.

கொதிக்கிற எஞ்சின் பக்கத்தில் பனிக்கட்டியா? ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருக்குமே, அதே காரணம்தான். ஆவியாகும் திரவம் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அவ்வளவு வெப்பமும் அந்தக் காற்றிலிருந்தே போனால் அதன் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். போதாததற்கு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் வேகமெடுக்கும் காற்று அழுத்தம் குறைந்து இன்னும் குளிர்கிறது. பெட்ரோல் முழுவதும் அங்கேயே ஆவியாகிவிடாது என்பது உண்மை. ஆனால் 5 டிகிரியில் உள்ளே வரும் காற்று உறைநிலைக்குக் கீழே போக, பாதி ஆவியானாலே போதும். குளிர்காலத்தில் எஞ்சின் சுலபமாகக் கிளம்பட்டும் என்று சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலை விற்பார்கள். அந்த உதவியே இங்கே உபத்திரவம்.

காற்றிலுள்ள ஈரம் முதலில் படிவது, காற்றுப்பாதையைத் திறந்து மூடும் திராட்டில் தகட்டின் விளிம்பிலும், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்ணிய துளைகளிலும்தான். துளை அடைத்தால், ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி அணைந்துபோகும். தகட்டின் ஓரத்தில் கட்டி நின்றால் நிலைமை நேரெதிர்: ஆக்சிலரேட்டரை விட்டாலும் தகடு முழுதாக மூடாது, வேகம் இறங்காது. இரண்டில் பின்னதே பயங்கரம்.

குளிர் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்று நினைப்பது தவறு. கடுங்குளிரில் காற்று வறண்டுவிடும். உறைவதற்கு ஈரம் மிஞ்சாது. பூஜ்யத்துக்குச் சற்று மேலான, மூடுபனியும் ஈரமுமான நாட்கள்தான் மோசம். கார்புரேட்டர் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களில், எஞ்சின் சக்தியைக் குறைத்து இறங்கும்போது, வெளியே 25 டிகிரி இருந்தாலும் பனி படிவதுண்டு. அதனால்தான் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் பிடி ஒன்று விமானி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கார்களும் குளிர்காலத்தில் புகைக்குழாய் அருகிலிருந்து சூடான காற்றை எடுத்துக்கொண்டன. பைக்கில் கார்புரேட்டர் காற்றோட்டத்தில் கிடக்கிறது. எஞ்சினோடு அதை இணைக்கும் ரப்பர் குழாய் சூட்டைக் கடத்தாது. தண்ணீரால் குளிரூட்டும் எஞ்சின் வந்தபின், சிலிண்டரின் சூடு பெரும்பகுதி ரேடியேட்டர் வழியே போய்விட்டது.

பனிக்குச் சரியான மருந்து சூடுதான். கவாசாகி இசட்இசட்ஆர்600 போன்ற வண்டிகளின் பிரிட்டன் மாடல்களில், எஞ்சினில் சூடேறிய கூலன்ட்டை மெல்லிய குழாய் வழியே கார்புரேட்டரின் உடலுக்குள் சுற்றவிட்டார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்தப் பாதையிலுள்ள சிறிய வடிகட்டி அழுக்கால் அடைபட்டால் எல்லாம் வீண். வேறு சில வண்டிகளுக்கு பேட்டரியில் இயங்கும் சிறு ஹீட்டர்களைப் பொருத்தினார்கள். பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால் வகை மருந்துகளும் விற்கின்றன. நீரின் உறைநிலையை இவை தாழ்த்திவிடும். இவை வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறை டாங்கை நிரப்பும்போதும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே இது தற்காலிக வழிதான்.

இதெல்லாம் இல்லாதவர்கள் முதலில், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கட்டும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்குச் சூடே ஏறாது. நீண்ட தூரம் ஒரே சீராக, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து ஓட்டும்போதுதான் பனி நிதானமாகப் படியும். இடையிடையே கியரைக் குறைத்து எஞ்சினை வேகமாகச் சுழலவிடுவது நல்லது. வண்டி நின்றேவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஐந்து, பத்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். நனைந்த சாலையோரத்தில் கார்புரேட்டரைக் கழற்ற உட்கார வேண்டாம்.

ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. அதில் பெட்ரோல் திராட்டில் தகட்டைத் தாண்டி, சூடான வால்வுக்கு அருகில் தெளிக்கப்படுவதால் தகடு குளிர்வதில்லை. இந்தியாவிலும் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைமாசு விதிகள் வந்தபின் புதிய பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. குளிர்நாட்டில் பழைய இசட்இசட்ஆர் வாங்குபவர்கள் மட்டும், பணம் கொடுக்குமுன் அந்தக் கூலன்ட் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.