மார்பு ஸ்கேன்: ஆளுக்கொரு விலை ஏன்?



போன வருஷம் ஒரு நாள் பிரட்டு கலைந்த நேரம். எங்கள் டிவிஷனில் வேலை செய்யும் ஓர் அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். "டிரெசர் ஐயா, தாலிக்கொடிய அடகு வெக்கலாம்னு இருக்கோம். எவ்வளவு வேணும்னுதான் தெரியல" என்றார்.

விஷயம் இதுதான். மார்பில் சிறு கட்டி. நான்கு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மகள் தெரிந்துகொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். இரண்டு விலை! "ஒரே மெஷின்தானே, ஏன் இப்படி?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

நானே இரண்டு இடத்துக்கும் போன் போட்டு விசாரித்தேன். குறைந்த விலை சொன்ன இடத்தில் மெஷின் கட்டணத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

மார்பு எம்.ஆர்.ஐ. பில்லில் பல கணக்குகள் உண்டு. மெஷின் கட்டணம் ஒன்று. நரம்பில் ஏற்றும் 'காடோலினியம்' மருந்து ஒன்று. புற்று இருக்கிறதா என்று பார்க்க இந்த மருந்து அவசியம். அதை ஏற்றுமுன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கச் சொல்லலாம். படத்தைப் படித்து அறிக்கை எழுதும் டாக்டருக்குத் தனிக் கட்டணம். பிறகு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க இன்னொரு கட்டணம். தனியாரிடம் எல்லாம் சேர்ந்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டு விதிகளும் டாக்டர் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மெஷினுக்கும் மருந்துக்கும் அப்படி வரம்பு இல்லை. விலை இடத்துக்கு இடம் மாறுவதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே போனில் கேட்கும்போது, "மருந்து, ரிப்போர்ட், டாக்டர் பீஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கார்டு இருந்தால், வார்டில் தங்காமல் எடுக்கும் ஸ்கேனுக்கும் அது பணம் கட்டுமா என்று முதலில் விசாரியுங்கள்.

அரசாங்கத்தில் கணக்கே வேறு. குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி; ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 வெள்ளி. ஸ்கேனுக்கும் அரசாங்கம் நிர்ணயித்த குறைந்த கட்டணமே. அதுவும் முடியாதென்றால் ஆஸ்பத்திரியிலுள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு ஆணைப்படி கட்டணம் அதிகம். நம் லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தோழர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அரசாங்கத்தில் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்க வேண்டி வரலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் செய்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம். கட்டி என்றதும் எம்.ஆர்.ஐ.யில் தொடங்க வேண்டியதில்லை. டாக்டர் கையால் பார்ப்பது, மெமோகிராம், அல்ட்ராசவுண்ட் இவைதான் முதலில். சந்தேகம் இருந்தால் ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றா இல்லையா என்று முடிவாகச் சொல்வது அந்தச் சோதனையே. குடும்பத்தில் பரம்பரையாக மார்புப் புற்று இருப்பவர்கள், மற்றப் படங்களில் தெளிவு கிடைக்காதவர்கள், ஆபரேஷனுக்கு முன் நோயின் பரப்பு தெரிய வேண்டியவர்கள் போன்றோருக்கே எம்.ஆர்.ஐ. அதிகம் உதவும். உங்களுக்குத் தேவை என்று ஸ்பெஷலிஸ்ட் சொன்னால் தட்டாமல் எடுத்துவிடுங்கள். அன்று உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தாலிக்கொடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு போங்கள்.

அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, ரெங்கம் அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கிருந்து குளுவாங் ஆஸ்பத்திரி. மெமோகிராம், அல்ட்ராசவுண்ட், ஊசிச் சோதனை. புற்றுதான். நல்லவேளை, சிறியது. ஆபரேஷன் செய்த டாக்டர் எம்.ஆர்.ஐ. கேட்கவே இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. இன்று அந்த அம்மா சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். தாலிக்கொடியும் கழுத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த நான்கு மாதம் என் மனசை உறுத்துகிறது. "செலவு ஆகுமேன்னுதான் ஐயா சொல்லல" என்றார். நம் நாட்டில் மார்புப் புற்றோடு வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள். பணத்துக்குப் பயந்து ஒளித்த நோய்க்குப் பின்னால் அதைவிடப் பெரிய பணம் கட்ட வேண்டி வருகிறது. சில வீடுகளில் கட்டியும் பலன் இல்லை.

உதவிகள் இருக்கின்றன. சொக்சோ 2013-இல் தொடங்கிய உடல் பரிசோதனைத் திட்டத்தில், 40 வயதைத் தொட்ட பெண் தொழிலாளர்களுக்கு இலவச மெமோகிராமும் சேர்க்கப்பட்டது. 2019-இல் வந்த பெகா பி40 திட்டத்தில், குறைந்த வருமானக்காரர்கள் புற்றுச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளியும், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் கிடைக்க வழி செய்தார்கள். உங்கள் பெயர் இவற்றில் வருமா என்று அடையாளக் கார்டை எடுத்துப்போய் கிளினிக்கில் கேளுங்கள். டாக்டர் தரும் மெடிக்கல் லீவு சீட்டை ஆபீஸில் மறக்காமல் கொடுங்கள். சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உங்கள் உரிமை. அதில் தகராறு வந்தால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

தாய்மார்களே, மாதவிலக்கு முடிந்த சில நாளில், குளிக்கும்போது மார்பைத் தடவிப் பாருங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்தல், இரத்தக் கசிவு, இதில் எது தென்பட்டாலும் மறுநாளே மருந்தகத்துக்கு வாருங்கள். கடிதம் எழுதித் தர எனக்குப் பத்து நிமிஷம் போதும். அதற்குக் காசு கிடையாது.