வீடு திரும்பும் பூனைக்கு ஒரு நாள் தனியறை

ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றின் வயிற்றில் மற்றது தலைவைத்துத் தூங்கும் இரண்டு பூனைகள். அதில் ஒன்று கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறது. கூடையைத் திறந்ததும், வீட்டில் இருந்த பூனை காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து, வால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறது. வந்த பூனை கட்டிலுக்கு அடியில் ஓட, இது துரத்துகிறது. பொறாமை என்பார் ஒருவர், மறந்துவிட்டது என்பார் இன்னொருவர், தானாகச் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். மூன்று விளக்கத்திலும் பிழை இருக்கிறது. பூனைகளின் நடத்தையை ஆராயும் மருத்துவர்கள் இதைத் தனி வகை ஆவேசமாகவே கருதுகிறார்கள்: கூட்டாளியை அடையாளம் காண முடியாததால் எழும் ஆவேசம். அது அந்த முதல் மாலையிலேயே சண்டையாக வெடித்துவிட்டால், பல ஆண்டு நட்பைத் திரும்பக் கட்ட வாரங்களும் மாதங்களும் ஆகலாம். மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை பெற்ற பூனையை முதல் ஒரு நாள் தனியறையில் வைப்பதை, தையல் மருந்து போல, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூக்கில் இருக்கும் உறவு

பூனையின் கன்னம், தாடை, நெற்றி, வாலடி எல்லாவற்றிலும் வாடைச் சுரப்பிகள் உண்டு. நம் காலில் கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சல் மட்டுமல்ல, முத்திரை குத்துவதும்கூட. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பாஜா இந்த முகச் சுரப்பில் 5 கூறுகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்று நாற்காலிக் கால், கதவு நிலை போன்ற பொருள்கள்மீது படிவது. மற்றொன்று பழகிய உயிர்கள்மீது படிவது. சேர்ந்து வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசியும் நக்கியும் எல்லோருக்கும் பொதுவான ஒரு வாடையை உண்டாக்கி, அதை நாள்தோறும் புதுப்பிக்கின்றன. 'இது நம் கூட்டம்' என்பதற்கான சான்று அதுதான்.

மருத்துவமனையில் ஒரு பகல் போதும், அந்தச் சான்று அழிய. ஸ்பிரிட், குளோரெக்ஸிடின், கையுறை, பக்கத்துக் கூண்டு நாயின் வாடை என எல்லாம் ரோமத்தில் ஏறிவிடும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனை போலப் பல விலங்குகள் வந்துபோகும் இடமானால் கேட்கவே வேண்டாம். பயந்த பூனை ஆசனவாய்ச் சுரப்பியிலிருந்து ஒரு திரவத்தையும் விடும். அது மற்றப் பூனைக்கு அபாயச் செய்தி. போதாக்குறைக்குக் கண்ணுக்குத் தெரிவதும் மாறியிருக்கிறது. கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்த பூனையின் கண்மணிகள் மணிக்கணக்கில் விரிந்தே இருக்கும், நடை தள்ளாடும். விரிந்த கண்ணோடு வெறித்துப் பார்ப்பது பூனை உலகில் அச்சுறுத்தல். கழுத்தில் மாட்டிய கூம்போ, காதையும் மீசையையும் மறைத்துவிடுகிறது. ஒரு பூனை இன்னொன்றின் மனநிலையைப் படிப்பதே அவற்றைப் பார்த்துத்தான்.

முகம் தெரியாதா என்ன?

நியாயமான கேள்வி. ஜப்பானில் சாஹோ தகாகியும் உடன் ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனைகளுக்குக் கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரையில் ஒரு பூனை முகத்தைக் காட்டினார்கள். பெயருக்கும் முகத்துக்கும் பொருந்தாதபோது அவை அதிக நேரம் உற்றுப்பார்த்தன. ஆக, கூட்டாளியின் முகம் பூனையின் நினைவில் இருக்கிறது. ஆனால் இது என் வாதத்துக்கு எதிரான சான்று அல்ல. எதிர்பார்த்ததும் எதிரில் இருப்பதும் பொருந்தாதபோது பூனை கவனிக்கிறது, அதற்கு உறுத்துகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நண்பனின் முகம், அந்நியனின் வாடை என்ற முரண்பாடே அதைக் கலவரப்படுத்துகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். முற்றிலும் புதிய பூனையைக் கண்டதைவிடச் சில வேளை இதில் ஆவேசம் கூடுதலாகத் தெரிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

தாமே சரியாகிவிடாதா?

சில வீடுகளில் சில மணி நேரத்தில் சரியாகிவிடும், மறுக்கவில்லை. ஆகாத வீட்டுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியே வேட்டையாடி வாழ்வது. அவ்வினத்தில் தகராறு வந்தால் விலகிப் போவதே தீர்வு. சண்டைக்குப்பின் சமாதானம் செய்துகொள்ளும் பழக்கம் நாயிடம் இருக்கும் அளவுக்குப் பூனையிடம் வளரவில்லை. இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில் எங்கே விலகிப் போவது? ஒருமுறை அடிபட்ட பூனை மறுநாள் மற்றதைப் பார்த்தாலே பதுங்கும். அந்தப் பதுங்கல் மற்றதைத் துரத்தத் தூண்டும். வாடை போன பிறகும் பகை தங்குவது இப்படித்தான்.

வலியோடு வந்த பூனையை அடைத்துவைப்பது கொடுமை என்பவர்களின் மனம் புரிகிறது. ஆனால் தள்ளாடும் பூனை அலமாரியில் ஏறி விழக்கூடாது. கூட்டாளி அதன் தையலை நக்கிப் பிரிக்கவும் கூடாது. தனி மணல் தட்டு வைத்தால்தான் அது சிறுநீர் கழித்ததா என்பது தெரியும். சிறுநீர்ப்பாதை அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற ஆண் பூனைக்கு இது உயிர்ப் பிரச்சினை. வலியையும் அமைதியாகக் கவனிக்கலாம். 2019-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவான முகபாவ அளவுகோல் காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை நிலை என்ற 5-ஐப் பார்க்கச் சொல்கிறது. காதுகள் பக்கவாட்டில் திரும்பி, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் மருத்துவரை அழையுங்கள். வலியில் இருக்கும் பூனையே சண்டையைத் தொடங்குவதும் உண்டு.

முதல் நாளும் கதவைத் திறக்கும் நாளும்

தடுப்பூசி போன்ற சிறு வேலைக்குப் போய்வந்த பூனையானால், கூடையை மூடியபடியே சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டும் அமைதியாக இருந்தால் திறந்துவிடலாம். தேவையில்லாமல் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு சீறல் கேட்டாலும், மயக்க மருந்து கொடுத்திருந்தாலும், நேரே தனியறைதான். தனியறை இல்லாத வீட்டில் உலர்ந்த குளியலறையோ, துணி போர்த்திய பெரிய கூண்டோ போதும். உள்ளே தண்ணீர், உணவு, மணல் தட்டு, அது வழக்கமாகப் படுக்கும் துணி. அந்தத் துணியைத் துவைக்காதீர்கள். அதிலிருக்கும் பழைய வாடைதான் மருந்து.

மருத்துவமனை வாடையைப் போக்கக் குளிப்பாட்டலாமே என்று தோன்றும். தையல் பிரிக்கும் வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், உடல் நனையக்கூடாது. டெட்டால், பினாயில் பக்கமே போகாதீர்கள். இத்தகைய வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வலிக்கிறதே என்று கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடுவதும் இதே குறைபாட்டால்தான். குளிப்பாட்டுவதற்குப் பதிலாக ஒரு மென்துணியால் வீட்டுப் பூனையின் கன்னத்தைத் துடைத்து, அதை மற்றதன் அருகில் வையுங்கள். இன்னொரு துணியால் எதிர்த்திசையிலும் செய்யுங்கள். துணியை மோந்து சீறினால் இன்னும் நாள் வரவில்லை. பிறகு மூடிய கதவின் இருபக்கமும் உணவு வையுங்கள். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால், கதவைக் கையகலம் திறந்து அப்படியே ஊட்டுங்கள். வெறித்த பார்வையும் உறுமலும் இல்லையென்றால், நீங்கள் உடனிருக்கச் சிறிது நேரம் சேரவிடலாம். பெரும்பாலான ஜோடிகளுக்கு ஓரிரு நாளில் இது முடிந்துவிடும்.

மீறிச் சண்டை மூண்டால் கையை நடுவில் விடாதீர்கள். அட்டையையோ கனத்த போர்வையையோ இடையில் செலுத்திப் பிரியுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். வெறிநோய் நாய்க்கடியால் மட்டும் வருவதில்லை. பல நாள் பிரித்துவைத்தும் சீறல் தணியாவிட்டால், தாக்கும் பூனையையும் பரிசோதிக்க வேண்டும். அதற்கே மறைந்த வலி இருக்கலாம்.

அடுத்த முறை போகும்போது

கூடையை ஆண்டு முழுவதும் திறந்தபடி கூடத்தில் வையுங்கள், பூனை அதில் தூங்கிப் பழகட்டும். இரண்டும் படுக்கும் துணியை உள்ளே விரித்துக் கொண்டுபோனால், திரும்பும்போது பாதி வாடையாவது மிஞ்சும். பயணத்தில் நடுங்கும் பூனைக்கு முன்கூட்டியே கபாபென்டின் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கலிபோர்னியாவில் 20 பூனைகளிடம் நடத்தி 2017-ல் வெளியான சோதனையில் ஒரே வேளை மருந்து பதற்றத்தைக் குறைத்தது. அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, பூனையை அன்று மாலை அனுப்புவார்களா மறுநாள் காலையா என்று கேட்டுவிட்டு, அதற்கான அறையை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தயார் செய்துவிடுங்கள்.