கெர்பின்: விளையாட்டுக்காகச் சுருக்கிய சூரியக் குடும்பம்

விண்பயணப் பாவனை விளையாட்டுக்கென ஒரு கற்பனைக் கோள் குடும்பத்தை அமைக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. நிறமும் நிலப்பரப்பும் பிறகுதான். மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011இல் முதன்முதலாக வெளியிட்ட ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ இதற்கு நல்ல சான்று. அதில் பூமியின் இடத்தில் இருப்பது கெர்பின் என்னும் கோள். அதன் ஆரம் 600 கிலோமீட்டர். பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தரையில் உணரப்படும் ஈர்ப்பு பூமியில் உள்ள அதே அளவுதான்.

இவ்வளவு சிறிய கோளுக்கு அவ்வளவு ஈர்ப்பு வேண்டுமென்றால், அதன் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 கிராம் இருக்க வேண்டும். தனிமங்களில் மிகவும் அடர்த்தியான ஆஸ்மியமே 22.6 கிராம்தான். ஆக, கெர்பின் போன்ற கோள் இயற்கையில் இருக்க முடியாது. வடிவமைப்பாளர்கள் அடர்த்தியைக் கைவிட்டு ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அது சரியான தேர்வு.

காரணம் ராக்கெட்டின் கணக்கில் இருக்கிறது. பூமியைத் தாழ்வாகச் சுற்றும் கலத்துக்கு வினாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை, கெர்பினில் 2.3 கிலோமீட்டர் போதும். காற்றின் தடையையும் மேலேறும்போது ஈர்ப்பால் நேரும் இழப்பையும் சேர்த்தால் தேவை முறையே சுமார் 9.4, 3.4 கிலோமீட்டர் ஆகிறது. வேகத் தேவை சீராகக் கூடும்போது எரிபொருள் பல மடங்காகப் பெருகும் என்பது சியோல்கோவ்ஸ்கி சமன்பாட்டின் சாரம். வெளியேறும் வாயுவின் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டர் என்று கொண்டால், பூமியில் ராக்கெட்டின் புறப்பாட்டு எடை இறுதி எடையைப்போல் சுமார் 23 மடங்கு இருக்க வேண்டும். கெர்பினில் 3 மடங்கே போதும். பள்ளிச் சிறுவன் கட்டும் தடுமாற்றமான ராக்கெட்டும் சுற்றுப்பாதையை எட்டுவது இதனால்தான். ஒரு சுற்றுக்கும் பூமியைப்போல் 90 நிமிடம் ஆவதில்லை; அரைமணி நேரத்தில் முடிகிறது.

அடுத்தது, ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு பாடம். அருகிலுள்ள முன் என்ற நிலவு கெர்பினின் நடுக்கோட்டுத் தளத்திலேயே சுற்றுவதால் எளிய இலக்கு. மின்மஸ் என்ற இன்னொரு நிலவு சிறியது, ஈர்ப்பு மிகக் குறைவு, இறங்குவது சுலபம். ஆனால் அதன் பாதை 6 பாகை சாய்ந்திருப்பதால் தளம் மாற்றும் கலையை அது கற்பிக்கிறது. செவ்வாயை நினைவூட்டும் டூனாவின் மெல்லிய காற்றில் பாராசூட்டை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. ஈவ் என்ற கோளில் காற்று அடர்த்தி மிகுதி, ஈர்ப்பும் மிகுதி. இறங்குவது எளிது, திரும்புவதே பெரும்பாடு. டைலோ என்ற நிலவு கெர்பினின் பருமன் கொண்டது, ஆனால் காற்றே இல்லை. வேகம் முழுவதையும் எஞ்சினால்தான் குறைக்க வேண்டும். இந்த விளையாட்டின் மிகச் சிறந்த படைப்பு டைலோதான் எனலாம்: காற்று என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, அதன் அருமையை முழுதாக உணர்த்திவிடுகிறது.

ஈர்ப்பைக் கணக்கிடுவதிலும் ஒரு சமரசம் உண்டு. கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளோ நிலவோதான் இழுக்கும். அதன் ஆதிக்க எல்லையைத் தாண்டியதும் இழுப்பது மற்றொன்றாகிவிடும். கோள்கள் வரைந்துவைத்த நீள்வட்டங்களில் மாறாமல் ஓடும். பாதையை நொடியில் முன்கணிக்க இது உதவுகிறது. ஆனால் இரண்டு பொருள்களின் ஈர்ப்பு சேர்ந்து உருவாக்கும் லக்ராஞ்சுப் புள்ளிகள் இந்த உலகில் இல்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நிலைகொண்டிருப்பது போன்ற இடத்தில் எதையும் நிறுத்த முடியாது.

இந்தச் சமரசம் வடிவமைப்பாளருக்கு ஒரு சுதந்திரத்தையும் தருகிறது. ஜூல் என்ற பெரிய வாயுக்கோளின் லைத், வால், டைலோ ஆகிய மூன்றும் வியாழனின் அயோ, யூரோப்பா, கனிமீடு போலவே 1:2:4 என்ற கால விகிதத்தில் சுற்றுகின்றன. ஆனால் ஜூலின் நிலவுகளின் பருமன் மிகைப்படுத்தப்பட்டது; ஒன்றையொன்று இழுக்காததால்தான் அவை நிலைத்திருக்கின்றன. எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று இழுப்பதாகக் கணக்கிடும் ‘பிரின்சிபியா’ என்ற கூடுதல் நிரலை ஆர்வலர்கள் உருவாக்கியபோது, ஜூலின் நிலவுக் கூட்டம் நிலைக்கவில்லை. அதைக் கலையாமல் வைத்திருக்க, அந்த நிரல் நிலவுகளின் பாதைகளைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது.